நாற்பத்தொன்றாம் படிவம்

மூன்றாம் கேள்வியில் ஒரு சொல்
தமிழுக்கு வர மறுத்துவிட்டது.
'இடர்' என்று போடச் சொன்னார் வழிகாட்டி,
மின்விசிறிக்குக் கீழே, அகராதியைப் பார்த்து.
ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
காலை ஐந்தரைக்கு அதை வாசித்துக் காட்டினேன்.
"இடறி விழுறதா?" என்றார் திம்மராயன்,
கிரேட்டைத் தோளிலிருந்து இறக்காமலே.
"விழுந்தது போன மாசம். எந்திரிச்சதப் பத்தி
ஏதாச்சும் கேள்வி வெச்சிருக்கியா?"
இல்லை.
நான்காம் கேள்விக்குப் போனேன்.

முதுகலை இரண்டாம் ஆண்டு. பொருளாதாரச் சமூகவியல்.
கரும்பலகையில் பேராசிரியை ஒரு மணி வரைந்தார்:
நடுவில் பருத்து, இரு பக்கமும் மெலிந்து
தரையோடு தரையாகப் போகும் கோடு.
"பெரும்பாலானவை நடுவில் நடக்கும்.
வால்பகுதியில் நடப்பவை அபூர்வம்."
எனக்கு அது எங்கள் கோட்டை மலை மாதிரி இருந்தது.
வால்பகுதியில் பேருந்து நிறுத்தம்,
கறிக்கடை, எங்கள் தெரு.
அபூர்வமானவை எங்களுக்கு
ஆவணியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை.

தெரிந்த ஆபத்துக்குக் கணக்கு உண்டு,
தெரியாததற்கு இல்லை.
முதல் பருவத்தில் பத்து மதிப்பெண் கேள்வி.
பகடைக்கு ஆறு முகம் என்பது தெரியும்,
பகடைகள் எத்தனை என்றே தெரியாவிட்டால்?
எழுதினேன். எட்டு போட்டார்கள்.
இங்கே பதினைந்து கிலோ கிரேட்டு
எழுநூறுக்கும் போயிருக்கிறது, ஐம்பதுக்கும் போயிருக்கிறது,
அதே விதை, அதே கிணறு.
ஐம்பது என்றால் பறிகூலிக்கே காணாது.
அன்றைக்கு மாடுகள் நன்றாகச் சாப்பிடும்.

இரவு விடுதியில் படிவங்களை எக்செல்லில் ஏற்றுகிறேன்.
ஒரு வீடு ஒரு வரிசை.
வறண்ட கிணற்றுக்கு 0, ஊறும் கிணற்றுக்கு 1.
விடியற்காலையில் நாலு குடம் மட்டும் ஊறுகிற கிணற்றுக்கு
வழிகாட்டியைக் கேட்க வேண்டும்.

நாகவேணி என்னோடு பன்னிரண்டாவது படித்தவள்.
கணக்கில் என்னைவிட ஆறு மதிப்பெண் கூட.
செவ்வாய்தோறும் காலை ஏழுக்கு
அவள் வீட்டு முன்னால் பாய் விரிக்கிறார்கள்.
குழுக்கடன், ஆறு பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஐவரும்
பாயை விட்டு எழக் கூடாது.
வசூலுக்கு வரும் பையனின் டேப்லெட்டில்
எங்கள் தெரு சிவப்பு, பக்கத்துத் தெரு பச்சை.
நடுவில் ஓடுவது ஒரு சாக்கடை.
அந்தச் சாக்கடைதான்
என் இரண்டாம் அத்தியாயம்.

"முனிலட்சுமி ஆஸ்பத்திரில இருந்தப்ப
அவ தவணைய எதுல கட்டின?"
"என் கொலுசுல."
"அது நம்பிக்கையா, கட்டாயமா?
ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள..."
சிரித்துவிட்டாள்.
"கொலுசு ரெண்டு இருந்துச்சு.
ஒண்ணு நம்பிக்கைன்னு எழுதிக்க,
இன்னொண்ணு கட்டாயம்."
அதற்குக் கட்டம் இல்லை.
99 என்று குறித்தேன்.
99 என்றால் பதில் இல்லை.

கடைசியில் ஒப்புதல் படிவம்.
வாங்கிப் புரட்டி, "இதுக்கு வட்டி எத்தன?" என்றாள்.
பெயர் வேண்டாம், எண் போதும்,
எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்றேன்.
"கடன் தாள்ல ஆறு எடத்துல என் பேரு இருக்கு.
உன் தாள்ல மட்டும் நான் நாப்பத்தொண்ணா?"

பேனாவைத் திருப்பித் தரவில்லை.
"உன் படிப்புக்கு எவ்ளோ கடன்?"
"ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்."
"ஜாமீன் யாரு?"
"அப்பா."
"வேலை கெடைக்குமா?"
நான் வெளியே பார்த்தேன். மினி லாரி ஒன்று
காலி கிரேட்டுகளோடு குலுங்கிப் போனது.
"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு, போதும்."

உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை
காத்திருந்தாள்.
பிறகு என் படிவத்தின் ஓரத்தில் அவளே எழுதினாள், 99,
பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கையால்,
இரண்டு ஒன்பதுக்கும் வால் நீளமாக,
கட்டத்தைத் தாண்டி.